முகப்புச் சுவருக்கு மட்டும் செங்கல்: எதைத் தேர்ந்தெடுப்பது, செலவை எப்படிப் போடுவது?

புதுமனை:

வணக்கம். வரைபடம் முடிவாகிவிட்டது, அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை, அதற்குள் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். கீழும் மேலுமாக இரண்டு தளம். தெருவைப் பார்த்த சுவரை மட்டும் பூசாமல் செங்கல் தெரிய விட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை, மற்ற மூன்று பக்கமும் வழக்கம்போலப் பூச்சும் பெயிண்டும்தான். முகப்பு 36 அடி அகலம், 21 அடி உயரம். நாலரை அடி உயரமுள்ள ஐந்து ஜன்னல்கள், ஒரு வாசல், ஒரு பால்கனித் திறப்பு, எல்லாம் சேர்த்து 150 சதுர அடி கழியும்.

ஒரு மாதமாகச் செங்கல் சாம்பிள் சேர்த்து மேஜை முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன். கையால் அறுத்தது ஒன்று, இயந்திரத்தில் கம்பியால் அறுத்த வயர்கட் இரண்டு, அப்புறம் முழுக்கல்லாக இல்லாமல் சுவரில் ஒட்டுகிற மெல்லிய செங்கல் பட்டை ஒன்று. நான்குக்கும் விலை வாங்கி எக்செல்லில் போட்டால் கல்லுக்குக் கல் இரண்டு மடங்கு வரை வித்தியாசம் காட்டுகிறது. கான்ட்ராக்டரோ, "எது வாங்கினாலும் பெரிசா மாறாது சார், பூச்சும் பெயிண்டும் மிச்சமாகுதே, அதுல சரியாயிடும்" என்கிறார். எனக்கு அந்தக் கணக்கு இடிக்கிறது.

எத்தனை கல் வேண்டும், முழுக்கல்லா பட்டையா, எக்செல்லில் நான் சேர்க்காமல் விட்ட செலவு என்னென்ன? கட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. படம் பார்த்து ரசித்த அனுபவம் எனக்கே நிறைய இருக்கிறது.


மழைக்கு ஒதுங்கியவன்:

எங்கள் வீட்டு முகப்பு முழுச்செங்கல், ஆறு வருஷம் ஆகிறது. உங்களுடையதைப் போலவே நானும் ஒரு எக்செல் வைத்திருந்தேன், அதிலும் முதல் வரி கல் விலைதான். எல்லாம் முடிந்தபின் கூட்டிப் பார்த்தால் அந்தச் சுவருக்கு ஆன மொத்தத்தில் கல் பாதிகூட வரவில்லை. மீதியெல்லாம் கூலி, சாரம், ஏற்றி இறக்கியது, உடைந்தது, கல் இடுக்கில் சாந்தை நிரப்பி இழுக்கும் பாயிண்டிங், கடைசியில் கழுவியது.

கூலியைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். பூசப்போகிற சுவர் என்றால் கொத்தனார் கல்லை வைத்து, கரண்டியால் இரண்டு தட்டு தட்டி, அடுத்த கல்லுக்குப் போய்விடுவார், கோணல்மாணலைப் பூச்சு மறைத்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு கல்லுக்கும் நூல் பார்க்க வேண்டும், எந்த முகம் வெளியே வருவது என்று திருப்பிப் பார்க்க வேண்டும், மூலை உடைந்ததை ஒதுக்க வேண்டும், சாந்து முகத்தில் வழிந்தால் காய்வதற்குள் துடைக்க வேண்டும். எங்கள் சுவரில் ஒரு நாள் வேலை சாதாரணச் சுவரில் நடப்பதில் பாதிதான் நடந்தது. அதனால் சாரமும் கூடுதல் நாட்கள் நின்றது, அதற்கும் வாடகை. கான்ட்ராக்டர் சொல்கிற பூச்சு மிச்சம் உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி இந்தக் கூலியிலேயே கரைந்துவிடும். மிச்சம் என்று நான் பார்ப்பது ஒன்றுதான், ஆறு வருஷமாக அந்தச் சுவருக்கு பெயிண்ட் அடிக்கவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: கீழ்த்தளச் செங்கலைக் கட்டி முடித்த பிறகு மேல் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதும் உண்டு. அப்போது சிமெண்ட் பால் பலகை இடுக்கு வழியாக ஒழுகி, கட்டி முடித்த முகத்தின்மேல் கோடு கோடாக இறங்கும். காய்ந்துவிட்டால் போகவே போகாது. சுவரைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவதற்கென்று எக்செல்லில் தனி வரி போடுங்கள். நான் போடவில்லை, வாசலுக்கு மேலே இன்றைக்கும் அந்தக் கோடு இருக்கிறது, வருகிறவர்கள் பல்லி எச்சமா என்று கேட்கிறார்கள்.

என் பெரிய தப்பு உப்பு. விலை குறைவு என்று ஒரு சூளையில் கல் எடுத்தேன், சோதித்துப் பார்க்கவில்லை. முதல் மழை முடிந்து வெயில் வந்ததும் சுவர் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. கட்டிக் கொடுத்தவர் ஆள் அனுப்பி, காய்ந்த சுவரில் நேராக ஆசிட்டை ஊற்றித் தேய்க்க வைத்தார். உப்பு போனது, கூடவே சாந்துக் கோட்டின் மேல்தோலும் போனது. இரண்டாவது முறை பாயிண்டிங் செய்த செலவில் முதலிலேயே நல்ல கல் வாங்கியிருக்கலாம்.

உங்கள் மேஜையில் இருக்கிற சாம்பிளில் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். ஒரு தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றிக் கல்லை நிற்க வையுங்கள். தண்ணீர் முழுக்க உறிஞ்சிக் காய்ந்ததும் மறுபடி அதே அளவு ஊற்றுங்கள். இரண்டாவது தடவையும் காய்ந்த பிறகு மேலே வெள்ளைப் படிவு எவ்வளவு என்று பாருங்கள். லேசாக என்றால் பரவாயில்லை, மாவு தூவியது போல் இருந்தால் அந்தச் சூளையை மறந்துவிடுங்கள்.


நிலைவாசல்:

கட்டமைப்புப் பொறியாளனாக வேலை பார்க்கிறேன். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பாதிப் பணம் மிச்சம். பெரும்பாலும் லிண்டல் (ஜன்னல், வாசலுக்கு மேலே வரும் உத்தரம்) மட்டம் வந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

முதலில் எண்ணிக்கை. 36 × 21 = 756, திறப்புகள் போக 606 சதுர அடி, 56 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் 190 × 90 × 90 மி.மீ., சாந்துக் கோடு 10 மி.மீ. என்றால் ஒரு கல் எடுத்துக்கொள்கிற இடம் 200 × 100, ஆக ஒரு சதுர மீட்டருக்கு 50 கல். 56 × 50 = 2,800. உடைசலும் கழிவும் பத்து சதவீதம் சேர்த்தால் 3,080. உங்களிடம் இருக்கும் வயர்கட் 215 × 65 முகம் உள்ளதாக இருந்தால் சதுர மீட்டருக்கு 60 போகும், அதனால் ஒரு கல் விலையை ஒப்பிடுவது வீண். எக்செல்லில் அந்த நெடுவரிசையை அழித்துவிட்டு ஒரு சதுர மீட்டருக்கு என்ன விலை என்று மாற்றுங்கள், உங்கள் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் கொஞ்சம் அங்கேயே மறைந்துவிடலாம்.

இது எல்லாக் கல்லும் நீளவாக்கில் தெரியும் கட்டுக்கான கணக்கு. நீளமும் தலையும் மாறி மாறி வருகிற பிளெமிஷ் கட்டு என்றால் முகக்கல் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை தலை என்று போகும் இங்கிலீஷ் கட்டில் பாதி கூடும். படத்தில் அழகாக இருக்கிறது என்று காட்டினால் கொத்தனார் கட்டிவிடுவார், கல் லாரிதான் இன்னொரு நடை வர வேண்டும்.

அடுத்தது, முழுக்கல் என்று நீங்கள் சொல்வதிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஒன்பது அங்குலச் சுவரையே கட்டி வெளிமுகத்தில் மட்டும் நல்ல கல் வைப்பது. இதில் உள்ளே வைக்கிற சாதாரணக் கல்லும் வெளியே வைக்கிற வயர்கட்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசை ஒன்றோடு ஒன்று சேராது, சுவர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கோணத்தில் அடிக்கிற மழை உள்பூச்சு வரை ஈரம் காட்டவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, உள்சுவரைத் தனியாகக் கட்டி, சுமார் 50 மி.மீ. இடைவெளி விட்டு, வெளியே ஒரு கல் தடிமனில் தோல் போல இன்னொரு சுவர் எழுப்புவது. இரண்டையும் துருப்பிடிக்காத கம்பிக் கொக்கிகள் இழுத்துப் பிடிக்கும். மழை வெளிக்கல்லைத் தாண்டினாலும் இடைவெளியில் இறங்கி அடியில் விட்ட துளைகள் வழியாக வெளியேறும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்தத் துளைகளைச் சாந்து வைத்து அடைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்தால் இடைவெளி விட்டதற்கே அர்த்தம் இல்லை. மழைக்கு இதுதான் சிறந்தது, செலவும் இதில்தான் அதிகம். இந்தத் தோல் சதுர மீட்டருக்குச் சுமார் 170 கிலோ கனக்கும். உங்கள் 56 சதுர மீட்டருக்கு ஒன்பதரை டன். அது நிற்க அஸ்திவாரம் அந்தப் பக்கம் அகலமாக வேண்டும், ஜன்னல்களுக்கு மேலே அதைத் தாங்கத் தனி லிண்டலோ இரும்பு ஆங்கிளோ வேண்டும். ஒட்டுகிற பட்டை 20 மி.மீ. தடிமன் என்றால் பசையோடு சேர்த்து 45 கிலோவுக்குள் முடியும், மொத்தம் இரண்டரை டன்.

உங்கள் வீடு தூணும் பீமும் வைத்துக் கட்டுவதா? அப்படியானால் ஒன்பது அங்குல வகையில் தூணும் ஸ்லாப் விளிம்பும் செங்கலுக்கு நடுவே கான்கிரீட் பட்டையாகத் தெரியும். அதை அப்படியே ஒரு அழகாக விட்டுவிடலாம், எனக்குப் பிடிக்கும். வீடு முழுக்கச் செங்கலாகத் தெரிய வேண்டும் என்றால் வெளித்தோல் அல்லது பட்டைதான் வழி. இதை இப்போதே உங்கள் பொறியாளரிடம் சொல்லுங்கள்.


கரணை:

அப்பா காலத்திலிருந்து கட்டு வேலைதான். பொறியாளர் சார் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை, வேலை பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

புதுமனை தம்பி, ஜன்னல் ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். எந்தக் கல் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்றபடி ஜன்னல் திறப்பு வையுங்கள். 190 மி.மீ. கல்லுக்குத் திறப்பு 1,210, 1,410 என்று வந்தால் முழுக்கல்லும் அரைக்கல்லுமாக அழகாக முடியும். 1,270 என்று ஒரு கணக்கு கொடுத்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு துண்டு வெட்டிச் செருகணும், ஜன்னல் ஓரம் பல் விழுந்த மாதிரி இருக்கும், வெட்டுக் கூலியும் கழிவும் உங்கள் தலையில். உயரத்துக்கும் அதே கதை. முதல் வரிசை வைக்கும் முன்பே ஒரு நீளக் கட்டையில் வரிசை வரிசையாகக் கோடு போட்டு, ஜன்னல் அடிமட்டமும் லிண்டல் மட்டமும் எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்துக்கொள்வோம். அந்தக் கட்டை இல்லாத கொத்தனாரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கல்லை நாலு மாதம் பார்ப்பார்கள், சாந்தை ஒரு நிமிஷம் பார்க்க மாட்டார்கள். பொறியாளர் சொன்ன அதே 200 × 100 கணக்கில் பாருங்கள், முகத்தில் ஏழில் ஒரு பங்கு சாந்துதான் தெரியும். உங்கள் 606 சதுர அடியில் 85 சதுர அடிக்கு மேல் வெறும் சாந்து! அதே கல்லை வெளிர் சாந்தில் கட்டினால் ஒரு வீடு, கரும்பழுப்பில் கட்டினால் வேறு வீடு. இரண்டு மடங்கு விலைக் கல்லுக்கு ஆசைப்படும் முன் சாதாரணக் கல்லுக்குச் சாந்து நிறத்தை மாற்றிப் பாருங்கள்.

சாந்து கெட்டியாக இருந்தால் நல்லது என்று 1:3 (சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று) கேட்பார்கள், வேண்டாம். சாந்து கல்லைவிட மெலிந்தே இருக்கட்டும், சுவர் அசைந்தால் விரிசல் சாந்தில் போகும், சுரண்டிவிட்டு மறுபடி பாயிண்டிங் செய்யலாம், கல் பிளந்தால் என்ன செய்வீர்கள்? 1:6 போதும், சுண்ணாம்பு சேர்க்கத் தெரிந்தவர் கிடைத்தால் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. நிறப்பொடி கலந்தால் ஒவ்வொரு கலவைக்கும் டப்பா வைத்து அளக்கணும், கைப்பிடிக் கணக்கு போட்டால் சுவர் பட்டை பட்டையாகத் தெரியும். சாந்துக் கோட்டை உள்ளே ஆழமாகச் சுரண்டி நிழல் விழ வைப்பது இப்போது பிரபலம், ஆனால் மழை நேராக விழும் சுவரில் ஒவ்வொரு கோடும் தண்ணீர் தேங்கும் சின்னத் திண்ணை. உள்வாங்கிய வளைவாகக் கம்பியால் இழுத்து அழுத்திவிட்டால் தண்ணீர் வழிந்து போகும், சாந்தும் இறுகும்.

கல்லை ஒரே தடவையில் மொத்தமாக இறக்குங்கள், அடுத்த சூட்டில் வருகிற கல் நிறம் மாறும். இறக்கியதையும் ஒரே அடுக்கிலிருந்து எடுக்காமல் மூன்று நான்கு அடுக்கிலிருந்து கலந்து எடுத்துக் கட்டச் சொல்லுங்கள். சூளையிலிருந்து சூடாக வந்த கல்லை மறுநாளே சுவரில் ஏற்ற வேண்டாம், களிமண் கல் காற்றில் ஈரம் வாங்கிக் கொஞ்சம் விரியும், அந்த விரிவில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் நடந்துவிடும். அது தரையில் கிடக்கும்போதே நடக்கட்டும்.

கூலி பேசும்போது ஒன்று. திறப்புகளைக் கழித்து அளக்கிறாரா, கழிக்காமல் அளக்கிறாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜன்னல் ஓரம் மடிக்கிற வேலையை ரன்னிங் அடிக் கணக்கில் (பரப்பில்லை, நீளம் மட்டும்) தனியாகக் கேட்பவர்கள் உண்டு, அது நியாயம்தான், ஆனால் முன்னாலேயே தெரியணும்.


புதுமனை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஜன்னல் ஆர்டர் நாளை மறுநாள் கொடுப்பதாக இருந்தது, நிறுத்திவிட்டேன். வீடு தூண்-பீம் வகைதான். ஒன்பதரை டன் என்று படித்ததும் மனசு பட்டைப் பக்கம் சாய்கிறது. பட்டையில் என்ன சிக்கல்? அப்புறம் சீலர், அதான் தண்ணீர் இறங்காமல் கல்லின்மேல் அடிக்கிறது, அடிக்கணுமா, கடைக்காரர் கட்டாயம் என்கிறார்.


நிலைவாசல்:

பட்டை மோசமில்லை, மலிவு என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம். பின்னால் சுவர் கட்டணும், அதைச் சமமாகப் பூசணும், பாலிமர் பசை வாங்கணும், ஒட்டிய பிறகு இடைவெளியை நிரப்பணும். அதாவது பூச்சுச் செலவு மிச்சம் என்ற உங்கள் கான்ட்ராக்டர் வாதம் இதில் முழுசாகவே விழுந்துவிடுகிறது.

மூலைக்கு L வடிவப் பட்டை தனியாக வாங்க வேண்டும், தட்டைப் பட்டையைவிட விலை கூடுதல். உங்கள் வீட்டின் இரண்டு மூலைக்கு 42 ரன்னிங் அடி. ஜன்னல்கள் நாலடி அகலம் என்று வைத்தால் பக்கங்களும் மேலும் சேர்த்து ஒன்றுக்கு 13, ஐந்துக்கு 65. ஆக 107 அடி, வாசலும் பால்கனியும் இன்னும் சேர்க்கவில்லை. இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் மூலையில் 20 மி.மீ. விளிம்பு தெரிந்து, ஒட்டியது என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடும்.

பசையைச் சுவரிலும் பட்டையின் முதுகிலும் இரண்டு பக்கமும் தடவச் சொல்லுங்கள். பீமும் சுவரும் சேரும் இடத்தில் பட்டையைத் தொடர்ச்சியாக ஒட்டாமல் அசைவுக்கு இடைவெளி விட்டு, வளையும் சீலன்டால் நிரப்ப வேண்டும். மறுநாள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், டொக்கென்று வெற்றொலி வந்தால் பெயர்த்து மறுபடி ஒட்டணும். மேல் தளத்திலிருந்து ஒரு பட்டை வாசலில் விழுந்தால் விளையாட்டில்லை.


மழைக்கு ஒதுங்கியவன்:

சீலர் பற்றி நான் சொல்கிறேன். பளபளவென்று மேலே படலம் கட்டுகிற வகை வேண்டவே வேண்டாம், உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் தோல் உரியும். சைலேன், சிலாக்சேன் வகை கல்லுக்குள் இறங்கிவிடும், ஆவியை வெளியே விடும். ஆனால் அதையும் சில வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்கணும், அப்போது சாரமும் மறுபடி வரும். நல்ல கல், நல்ல பாயிண்டிங், மேலே சன்ஷேடு இருந்தால் நான் அடிக்கவே மாட்டேன். உப்பு பூத்துக்கொண்டிருக்கும் சுவரில் அடித்தால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அது இன்னும் வம்பு. முதல் வருஷம் வருகிற லேசான உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள், தண்ணீர் அடித்தால் கரைந்து திரும்பக் கல்லுக்குள் போகும்.


ஓரமாக நிற்பவன்:

எல்லோரும் எப்படிக் கட்டுவது என்றே பேசுகிறீர்கள். 606 சதுர அடி எதற்கு? வாசல் பக்கம் ஒரு 12 அடி அகலத்துக்கு மட்டும் கீழிருந்து மேல் வரை நல்ல முழுக்கல், மீதி பூச்சு. பரப்பு மூன்றில் ஒரு பங்கு, எடையும் அதே கணக்கில் குறையும். மட்டமான கல்லை அகலமாகப் பரப்புவதற்கு நல்ல கல்லைக் குறுகலாகக் கட்டலாம் என்பது என் எண்ணம். கண்ணும் வாசலைத்தான் முதலில் பார்க்கிறது.


கரணை:

இது நல்ல யோசனை. பூச்சும் செங்கலும் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டாம், செங்கலை இரண்டு அங்குலமாவது முன்னால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் பெயிண்ட்காரர் கை நடுங்கிய இடமெல்லாம் கல்லில் தெரியும்.


புதுமனை:

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். வாசல் பக்கம் 12 அடி, இடைவெளி விட்ட வெளித்தோல், பொறியாளர் அந்தப் பக்கம் அஸ்திவாரத்தை அகலப்படுத்தி வரைந்து தருகிறார். எக்செல்லில் இப்போது கல் ஒரு வரி, அதற்குக் கீழே பதினோரு வரி. சாம்பிள்களைத் தட்டில் நிற்க வைத்தேன், நான் ஆசைப்பட்ட விலை அதிகக் கல்தான் அதிகமாகப் பூத்தது, மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சண்டை பாக்கி, சாந்து நிறம். எனக்குச் சாம்பல், அவளுக்கு வெளிர் மணல் நிறம், அம்மாவுக்குக் கல்லின் நிறமே. மனை ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடியாக மூன்று மாதிரிச் சுவர் கட்டச் சொல்லியிருக்கிறேன்.


கரணை:

நல்லது தம்பி. கட்டிய அன்றைக்கே முடிவு எடுக்காதீர்கள். ஈரத்தில் எல்லாச் சாந்தும் கறுப்பாகத்தான் தெரியும். ரெண்டு வாரம் நன்றாகக் காயட்டும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெருவில் நின்று பாருங்கள்.